பாதிக்குப் பாதி வராத இடங்கள்

தாய்வழி டிஎன்ஏ, தந்தைவழி டிஎன்ஏ இரண்டிலும் ஒரு புரதம் சமமாக ஒட்டுகிறதா என்று பார்க்க, இரண்டையும் பிரித்துக் காட்டும் எழுத்து வேறுபாடு, அதாவது ஒரு ஸ்னிப், அந்த இடத்தில் இருக்க வேண்டும். இல்லையென்றால் எவ்வளவு பெரிய பீக்கும் (புரதம் ஒட்டிய இடத்தில் ரீடுகள் குவிந்து எழும் மேடு) பயன்படாது. ஜிஎம்12878 என்ற ஆய்வகச் செல்களைப் பலரும் எடுப்பது இதனால்தான்: அவற்றைத் தந்த யூட்டா பெண்ணின் பெற்றோர் இருவரின் ஜீனோமும் படிக்கப்பட்டிருக்கிறது.

சிப் வேலை, அதாவது புரதம் ஒட்டிய டிஎன்ஏ துண்டுகளை ஆன்டிபாடியால் பிடித்தெடுப்பது, வழக்கமானதுதான். புரதத்தை டிஎன்ஏவோடு பிணைக்க 1% ஃபார்மால்டிஹைடில் 10 நிமிடம், கிளைசின் போட்டு நிறுத்தம், 200–500 பேஸ் (டிஎன்ஏ எழுத்து) நீளத் துண்டுகளாக உடைக்க ஒலியலையால் சோனிகேஷன். அதிகம் இறுகினால் துண்டாகாது. ஆன்டிபாடி சேர்க்கும் முன் கொஞ்சம் இன்புட்டை, அதாவது ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான டிஎன்ஏவை, எடுத்து வைப்பதை மட்டும் விட்டுவிடக் கூடாது. அதிலேயே ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் செல்லில் அந்த டிஎன்ஏ பகுதியின் பிரதி எண்ணிக்கையே மாறியிருக்கலாம். புற்றுநோய் செல்களில் இது சர்வசாதாரணம்.

பெரும்பாலான ஏமாற்றம் கணினியில்தான் நடக்கிறது. ரெஃபரன்ஸ் ஜீனோமில் (ஒப்பிடுவதற்கான பொது வரிசை) உள்ள எழுத்தைச் சுமக்கும் ரீடு, அதாவது கருவி படித்த சிறு டிஎன்ஏ வரிசை, அதில் சுலபமாக உட்காரும். மாற்று எழுத்தைச் சுமப்பதற்கு எடுத்த எடுப்பிலேயே ஒரு பிழை கணக்காகிவிடும், பக்கத்தில் இன்னொரு ஸ்னிப் இருந்தால் வெளியேயும் போய்விடும். பிறகு பார்த்தால் புரதம் ரெஃபரன்ஸ் பிரதியை விரும்புவது போலத் தெரியும். வாஸ்ப் என்ற மென்பொருள் இதற்குச் செய்வது நேர்மையான வேலை: ஸ்னிப் மேல் விழும் ஒவ்வொரு ரீடிலும் எழுத்தை மாற்றி மறுபடி மேப் செய்கிறது, அதாவது ஜீனோமில் அதன் இடத்தைத் தேடுகிறது; அதே இடத்துக்கு வராததைத் தள்ளிவிடுகிறது. ஒரே துண்டின் நகல்களான டூப்ளிகேட் ரீடுகளை நீக்கும்போதும் அதிக மதிப்பெண் பெற்ற ரீடை வைத்துக்கொள்ளாமல் குருட்டாம்போக்கில் ஒன்றை வைக்க வேண்டும். இல்லையென்றால் அதே சாய்வு பின்வாசல் வழியாக வரும்.

எண்ணிக்கையும் முக்கியம். இரு பிரதிகளின் ரீடுகள் 7:3 என்றால் பி-மதிப்பு (வெறும் தற்செயலாலேயே இவ்வளவு சாய்வு வரும் வாய்ப்பு) 0.34, அதே விகிதம் 28:12 ஆக வந்தால் 0.02-க்குக் கீழே. நாணயம் சுண்டுவது போலக் கணக்கிடும் பைனோமியல் சோதனை சிதறலைக் குறைத்தே மதிப்பிடும் என்பதால், கூடுதல் சிதறலையும் சேர்த்துக்கொள்ளும் பீட்டா-பைனோமியலே நம்பகமானது.

டிஎன்ஏவில் ஒட்டும் சிடிசிஎஃப் என்ற புரதத்தை ஆராய்கிறவர்கள் முதலில் 11-ஆவது குரோமோசோமில் எச்19 என்ற மரபணுவின் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். அங்கே தந்தைவழிப் பிரதியில் மெத்தில் என்ற வேதி அடையாளம் ஏறியிருப்பதால் சிடிசிஎஃப் ஒட்டாது; ரீடுகள் ஏறக்குறைய எல்லாமே தாய்வழியில் வர வேண்டும். தலைகீழாக வந்தால் ஆன்டிபாடியைக் குறை சொல்வதற்கு முன் ஸ்னிப்களைப் பட்டியலிடும் விசிஎஃப் கோப்பைத் திறந்து பாருங்கள்: 0|1 (0 ரெஃபரன்ஸ் எழுத்து, 1 மாற்று எழுத்து) என்பதில் இடப்பக்கம் தாயா, தந்தையா என்பது கோப்புக்குக் கோப்பு மாறும்.