இன்ட் எத்தனை பைட்? நான் மார்க் விட்ட இடம்

கல்லூரி லேபில் எங்களுக்கு டர்போ சி, அதாவது சி மொழிப் புரோகிராமை ஓடும் வடிவத்துக்கு மாற்றும் ஒரு பழைய கம்பைலர். ஃபேக்டோரியல் (1 முதல் அந்த எண் வரை எல்லாவற்றையும் பெருக்குவது) புரோகிராமில் 7 கொடுத்தால் 5040 வந்தது. 8 கொடுத்தால் -25216. லூப்பில்தான் தப்பு என்று அரை மணி நேரம் அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். லூப் சரியாகத்தான் இருந்தது. டர்போ சியில் இன்ட், அதாவது முழு எண்ணுக்கான டைப், 2 பைட்; 32767க்கு மேல் தாங்காது. 40320 வர வேண்டிய இடத்தில் அதிலிருந்து 65536 கழிந்து நின்றது.

அன்றிலிருந்து ‘இன்ட் என்றால் 2 பைட்’ என்று மனப்பாடம் செய்துவிட்டேன். கேட் (முதுநிலைப் பொறியியல் நுழைவுத் தேர்வு) மாதிரித் தேர்வில் அதனாலேயே மூன்று கேள்விகள் போயின. அப்புறம் லினக்ஸில் ஜிசிசி என்ற கம்பைலரைப் போட்டுப் பார்த்தால் 4 என்றது. சி ஸ்டாண்டர்டு (சி மொழியின் விதித் தொகுப்பு) குறைந்தபட்ச அளவைத்தான் சொல்கிறது: இன்ட் 16 பிட் (அதாவது 2 பைட்), மற்ற முழு எண் டைப்களான லாங் 32, லாங் லாங் 64. அதற்கு மேல் எவ்வளவு என்பது கம்பைலரைப் பொறுத்தது. லாங் 64 பிட் லினக்ஸில் 8 பைட், 64 பிட் விண்டோஸில் 4. ஆர்டுயினோ ஊனோ ஆர்3 என்ற சிறு மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் இன்ட் இன்றும் 2 பைட்தான். ஆகவே கேள்வியில் அளவு கொடுத்திருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள்.

எனக்குப் பிடிபட ரொம்ப நாள் ஆன விஷயம் இன்னொன்று. இன்ட் 4 பைட் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லாங் லாங் மாறியில் 100000 * 100000 என்று போட்டால் ஆயிரம் கோடி வராது. வாங்கிக்கொள்ளும் மாறி எவ்வளவு பெரிதாக இருந்தாலும், பெருக்கல் இன்ட்டிலேயே நடந்து முடிந்துவிடுகிறது. பெரும்பாலும் கிடைப்பது 1410065408. ஸ்டாண்டர்டுபடி இது வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது விளைவு இதுதான் என்று அது சொல்வதில்லை. விடைகளில் ‘வரையறுக்கப்படாத நடத்தை’ என்று ஒன்று இருந்தால் அதையே தேர்ந்தெடுங்கள். ஒரு எண்ணின் பின்னால் லாங் லாங்கைக் குறிக்கும் எல்எல் சேர்த்தால் போதும், கணக்கு சரியாக வரும்.

ஒரு டைப் எத்தனை பைட் என்று சொல்லும் சைஸ்ஆஃப் தருவது அன்சைன்டு எண், அதாவது மைனஸ் வராத டைப். -1 அதைவிடச் சிறியதா என்று கேட்டால் ‘இல்லை’ என்றே பதில் வரும், ஏனென்றால் -1 மிகப் பெரிய எண்ணாக மாறிவிடுகிறது. இதைக் கட்டாயம் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

மறுமுறை தயாரானபோது ஒவ்வொரு அவுட்புட் கேள்விக்கும் ஓரத்தில் இரண்டு குறிப்பு எழுதினேன்: எந்த டைப்பில் கணக்கு நடக்கிறது, அதன் எல்லை எவ்வளவு. ஒரு கேள்விக்குப் பத்து விநாடிதான் கூடுதலாகப் பிடித்தது.