சிவராத்திரிக்கு நாலாம் காலத்திலிருந்து கணக்குப் போடுங்கள்

மகா சிவராத்திரி அன்று மாலை ஆறரைக்கே லிட்டர் பாலையும் ஊற்றி, வாங்கிவந்த பூ மொத்தத்தையும் சாத்தி, தொண்டை கம்மும்வரை பாடிவிடுகிற வீடுகள் நிறைய. விடிகாலை மூன்றரைக்கு அங்கே போய்ப் பார்த்தால் தட்டில் பூ இருக்காது, திரி கருகியிருக்கும், பாதிப் பேர் சுவரில் சாய்ந்து தூங்கியிருப்பார்கள். இரவை நான்கு காலமாகப் பிரித்துச் செய்யும் பூசையில் கடினமானது நாலாவது. அதற்கு வேண்டியதை முதலில் எடுத்துத் தனியே வைத்துவிட்டு, மிச்சத்தை மற்ற மூன்றுக்கும் பங்கிடுவதுதான் சரி.

எந்த ராத்திரி என்பதிலேயே சிலர் குழம்புகிறார்கள். மாசித் தேய்பிறைச் சதுர்த்தசிதான். ஆனால் காலண்டரில் பெரிதாகப் போடுவது சூரிய உதயத்தின்போது இருக்கிற திதியை. சிவராத்திரிக்கு நள்ளிரவில் சதுர்த்தசி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பகலில் திரயோதசி ஓடும் நாளிலேயே இரவு சிவராத்திரி வருவது இதனால்தான். பஞ்சாங்கக் கணிப்பு முறைகளான வாக்கியமும் திருக்கணிதமும் திதி முடியும் நேரத்தில் வேறுபடும். உங்கள் ஊர்ச் சிவன் கோயில் எதைப் பின்பற்றுகிறதோ அதோடு போய்விடுங்கள்.

இரவு முப்பது நாழிகை. ஏழரை நாழிகைக்கு ஒரு காலம், அதாவது மூன்று மணி நேரம். 6, 9, 12, 3 என்று வாய்க்கணக்காகச் சொன்னாலும் மாசியில் பொழுது சாய்வது 6.20 வாக்கில்தான். அதனால் காலங்கள் ஏறத்தாழ 6.20, 9.25, 12.25, 3.30 என்று விழும். இரவின் நட்டநடுவே வரும் இரண்டு நாழிகை, 48 நிமிடம், லிங்கோத்பவ காலம். கோயில்களில் 11.30 முதல் 1 மணி வரை என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்நேரம் எல்லோரும் கருவறை வாசலிலேயே நெருக்குவார்கள். கருவறைக்குப் பின்னால், மேற்குச் சுவரின் மாடமான கோஷ்டத்துக்குப் போங்கள். மேலே அன்னமாகப் பிரமன், கீழே பன்றியாகத் திருமால், நடுவே அடிமுடி காட்டாத லிங்கோத்பவர். அந்த இரவுக்குரிய மூர்த்தி அவர்தான்.

வில்வத்தில்தான் அதிகம் தவறு நடக்கிறது. சதுர்த்தசியன்று வில்வம் பறிக்கக் கூடாது என்பது மரபு, திங்கட்கிழமையும் பறிப்பதில்லை. ஆகவே முன்னதாகவே பறித்து வைக்க வேண்டும். மூன்று இதழ் சேர்ந்தது ஒரு தளம்; காலத்துக்கு 27 தளம் வைத்தால் இரவுக்கு 108 ஆகும். மூன்று இதழும் கிழியாமல், பூச்சி அரிக்காமல் இருப்பதையே எடுங்கள். காம்பு நுனியில் தடித்த கணு ஒன்று இருக்கும், அதை நகத்தால் கிள்ளிவிட வேண்டும். இலையின் வழவழப்பான மேற்புறம் லிங்கத்தில் படும்படி கவிழ்த்துச் சாத்துவது வழக்கம். கழுவிய ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் மறுநாளே கறுத்துவிடும். துடைத்து, லேசான ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். குறைந்துபோனாலும் பதற வேண்டாம். ஒருமுறை சாத்தியதை மறுபடி சாத்தக் கூடாது என்கிற நிர்மால்ய தோஷம் வில்வத்துக்கு இல்லை, சாத்தியதையே கழுவி மறுபடி சாத்தலாம்.

அபிஷேகத்தில் ஊருக்கு ஊர் சிறு வேறுபாடு உண்டு. பரவலாக இருக்கும் வரிசை: முதல் காலம் பஞ்சகவ்யம், இரண்டாவது பஞ்சாமிர்தம், மூன்றாவது தேன், நாலாவது கரும்புச்சாறு. வீட்டில் நாலு விரல் உயர லிங்கத்துக்கு ஒவ்வொன்றும் நூறு மில்லி தாராளம்; பால் காலத்துக்குக் கால் லிட்டர். பஞ்சாமிர்தமும் தேனும் ஆனதும் வெதுவெதுப்பான நீரால் நன்றாகக் கழுவாவிட்டால் விடிவதற்குள் எறும்பு வரிசை கட்டிவிடும். கரும்புச்சாறுதான் பாடாய்ப் படுத்துவது. சாயங்காலம் பிழிந்ததை வெளியே வைத்தால் மூன்றரைக்குள் கறுத்துப் புளிப்பு வாடை வரும். இஞ்சி, எலுமிச்சை சேர்க்காமல் வாங்கி, மூடிய எவர்சில்வர் பாத்திரத்தில் குளிர்பெட்டியில் வையுங்கள். எடுத்த உடனே ஊற்றாமல் அரைமணி வெளியே இருக்கட்டும். இன்னொன்று: செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் பால், தயிர், பஞ்சாமிர்தம் வைக்கவே வேண்டாம். புளிப்பு பட்டுச் செம்பு கரைந்து பச்சையாகக் களிம்பேறும். அதைத் தீர்த்தமாகக் குடித்தால் வாந்திதான். செம்பில் தண்ணீர் மட்டும்.

உபவாசத்தை எல்லோரும் பசியோடு சேர்த்தே நினைக்கிறார்கள். உண்மையில் பலரைப் படுக்கவைப்பது காப்பி. தினம் இரண்டு மூன்று தடவை குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் மறுநாளுக்குள் மண்டையிடி வந்துவிடும். ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு வேளையாகக் குறைத்துக்கொண்டு வாருங்கள். முதல் நாள் ஒருவேளை உணவு என்பதை வயிறு முட்டச் சாப்பிடச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. காரமும் எண்ணெயும் மறுநாள் தாகமாகத் திரும்பும். முழு உபவாசம் முடியாதவர்கள் பால், பழம் எடுப்பது மரபுக்கு உட்பட்டதே. தண்ணீரை நிறுத்தாதீர்கள். சர்க்கரைக்கு ஊசியோ மாத்திரையோ எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் உபவாசம் இருக்கவே வேண்டாம். விரதத்தின் பெயரால் மாத்திரையை விடுவது பக்தி ஆகாது.

தூக்கம் அழுத்துவது மூன்றிலிருந்து ஐந்துக்குள். முந்தைய இரண்டு இரவும் நேரத்தோடு படுத்தவர் தாக்குப்பிடிப்பார். நிறைய விளக்கு எரியும் மூடிய அறையில் உட்கார்ந்தால் யாருக்கும் கண் சொக்கும், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஐந்தெழுத்தை 108 உரு சொல்ல ஐந்து நிமிடம்போல ஆகும், 1008க்கு முக்கால் மணி. இதை முதல் இரண்டு காலத்தில் உட்கார்ந்து செய்யலாம். நாலாம் காலத்துக்கு நின்றபடி, வாய்விட்டு, பலர் சேர்ந்து பாடுவதை வையுங்கள். திருவாசகத்தில் வரும் 95 அடி கொண்ட சிவபுராணம் அதற்கு நன்றாகப் பொருந்தும். ஆளுக்கு ஓர் அடியாக மாற்றிச் சொன்னால் தன் முறை வருமே என்று யாரும் கண் அயர மாட்டார்கள். தொலைக்காட்சி பார்த்து விழித்திருப்பது வெறும் தூக்கக்கேடு, அதைக் கண்விழிப்பில் சேர்க்க முடியாது.

விடிந்ததும் குளித்து, பூசை முடித்துப் பாரணை, அதாவது விரதம் முடித்து உண்பது. துவாதசிப் பாரணையின் அகத்திக்கீரை, நெல்லிக்காய் விதி ஏகாதசிக்கு உரியது. இங்கே தேட வேண்டாம். தீர்த்தம், பிறகு அரை டம்ளர் நொய்க்கஞ்சி, ஒரு மணி நேரம் கழித்துச் சாதம். வெறும் வயிற்றில் வடையும் புளியோதரையும் இறங்கினால் மதியத்துக்குள் நெஞ்செரியும். பகலில் படுக்காமல் அன்று மாலை விளக்கேற்றிய பின் தூங்குவது முறை. கோயிலில் விழித்திருந்தவர்கள் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு திரும்பாதீர்கள். தூங்கி எழுந்த ஒருவரை வரச்சொல்லி, பின்னால் உட்கார்ந்து வாருங்கள்.