முதல் கால் மணி நேரம்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு கடைவீட்டு மேல்மாடியில் 22 வருடமாக வயலினும் வாய்ப்பாட்டும் சொல்லித் தருகிறேன். தோட்டத்துக் கோயில் திருவிழாக்களில் பக்கவாத்தியமும் வாசிப்பேன். பிள்ளைகளிடம் நான் அதிகம் சொன்ன வார்த்தை "பயப்படாதே". அதை விடவைத்தது ஒரு மாணவிதான்.

செம்பனைத் தோட்டத்துப் பிள்ளை, 16 வயது. மாரியம்மன் திருவிழாவில் அவள் பாடியதை யாரோ கைப்பேசியில் எடுத்துப் போட, ஒரே வாரத்தில் அது கிள்ளான், பினாங்கு என்று சுற்றியது. அப்புறம் போகிற இடமெல்லாம் அதே பாட்டு, "அன்னைக்குப் பாடின மாதிரியே" வேண்டும் என்பார்கள். மறு வருடம் திருவிழாப் பதாகையில் அவள் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. நானும் பூரித்துப் போனேன். பிள்ளை சரியாகச் சாப்பிடாததை நான் கவனிக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

அந்தத் திருவிழாக் கச்சேரிக்கு அரை மணி நேரம் முன்பு மேடைக்குப் பின்னால் வாந்தி எடுத்தாள். "தொண்டையே திறக்க மாட்டேங்குது, மாஸ்டர். வீட்டுக்குப் போயிடலாம்."

வழக்கமான வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டு என் வலது கையை நீட்டிக் காட்டினேன். விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு கச்சேரிக்கும் முன்னால் அப்படித்தான். வில்லை நீளமாக, மெதுவாக இழுத்தால் நடுக்கம் நாதத்திலேயே கேட்டுவிடும். அதனால் முதல் கால் மணி நேரம் வில்லைக் குறுக்கி வாசிப்பேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பியானோ மேதை விளாடிமிர் ஹோரோவிட்ஸ் 1953 முதல் 1965 வரை கச்சேரி மேடையே ஏறாமல் இருந்ததையும் சொன்னேன்.

"12 வருசமா?" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

சரி, வேலையைப் பார்ப்போம் என்று சுருதியை, அதாவது அவள் பாடும் அடிப்படை உயரத்தை, ஐந்தரைக் கட்டையிலிருந்து ஐந்துக்கு இறக்கினோம். பயத்தில் தொண்டை இறுகினால் மேல் ஸ்தாயிதான், உச்சக் குரல்தான், முதலில் காட்டிக்கொடுக்கும். மிருதங்கக்காரர் முணுமுணுத்துக்கொண்டே அதற்குச் சுருதி சேர்த்துக் கொடுத்தார். எல்லோரும் கேட்கும் அந்தப் பாட்டைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டோம். "ஜனங்க அதுக்குத்தானே வந்திருக்காங்க?" என்று திருவிழாக் குழுத் தலைவர் கேட்டார். பதில் சொல்ல நேரமில்லை.

கச்சேரியின் தொடக்கத்தில் பாடும் உருப்படியான வர்ணத்தில் தொடங்கினாள். வர்ணத்தில் தொடங்கும் கச்சேரி வரிசையை நிலைக்கச் செய்த பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்காரை அன்று மனதாரக் கும்பிட்டேன். சின்ன வயதிலிருந்து நூற்றுக்கணக்கான தடவை பாடியது வர்ணம். மனம் தடுமாறினாலும் வாய்க்கு வழி தெரியும். பல்லவியில் குரல் கம்மிய இடத்தில் வில்லை அழுத்திக் கூடவே போனேன். சரணத்தில் அவளுக்கு என் துணை தேவைப்படவில்லை.

நடுவில் கூட்டத்திலிருந்து அந்தப் பாட்டைக் கேட்டு ஒரு குரல் வந்தது. அவள் என் பக்கம் திரும்பினாள். நான் திருப்புகழின் முதல் வரியை வயலினில் எடுத்துக் கொடுத்தேன்.