வன்னியின் உள்வீதிகளில் லொறிக்கு ஏற்ற வழிகாட்டி

கூகுள் மப்ஸில் கார், மோட்டார் சைக்கிள், பஸ், நடை என்று பயண வகைகள் இருக்கின்றன. லொறி என்ற வகை இல்லை. வாகனத்தின் உயரத்தையோ பாரத்தையோ கேட்கும் இடமும் அதில் இல்லை. ஆகவே நெல் மூட்டை ஏற்றிய லொறியின் சாரதி வழி கேட்டாலும், கார்க்காரருக்குச் சொல்லும் வழியையே அது அவருக்கும் சொல்கிறது. வன்னியில் லொறி ஓட்டுபவர்கள் பலர் அந்தச் செயலி ஒன்றையே நம்பி உள்வீதிகளில் இறங்குவதைப் பார்க்கிறேன். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

ஏ9 வீதியில் வவுனியாவிலிருந்து பரந்தன் வரை போவதற்கு எவருக்கும் வழிகாட்டி தேவையில்லை. மாங்குளத்தில் ஏ34 இல் திரும்பி ஒட்டுசுட்டான் பக்கம் போனாலும், பரந்தனில் ஏ35 இல் திரும்பி விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று போனாலும், பிரதான வீதியில் நிற்கும்வரை சிக்கல் குறைவு. அதை விட்டு விலகி, வயற்கரைக்கோ ஆலைக்கோ போகும் கடைசிச் சில கிலோமீற்றரில்தான் சாரதி கலங்க வேண்டியிருக்கிறது. குளக்கட்டின் மேலால் போகும் கிரவல் பாதையில் மோட்டார் சைக்கிளும் லான்ட்மாஸ்டர் என்ற சிறு உழவு இயந்திரமும் நாள் முழுக்க ஓடுவதால் வரைபடம் அதை வீதி என்றே காட்டுகிறது; மாரி மழையில் ஊறிய கட்டின் ஓரம் பத்துத் தொன் பாரத்தைத் தாங்குமா என்பது அதற்குத் தெரியாது. வாய்க்கால் மதகுகளின் நிலையும் அதுவே. வைக்கோல் ஏற்றிய லொறிக்கு ஊர் வாசலில் வீதிக்கு மேலாகக் கட்டிய கோயில் வளைவும் ஒரு தடைதான், ஆனால் வளைவில் உயரம் எழுதியிருப்பது அரிது. “தம்பி, கோயில் வளைவாலை வராதேங்கோ, பள்ளிக்கூடத்தடியாலை சுத்தி வாங்கோ” என்று வயல்காரர் தொலைபேசியில் சொல்லும் ஒரு வரி, அந்த நேரத்தில் எந்தச் செயலியை விடவும் பெறுமதியானது.

லண்டனிலும் கனடாவிலும் இருக்கும் உறவினர்கள், லொறிகளுக்கென்றே கார்மின் போன்ற நிறுவனங்கள் செய்யும் கருவிகளை அனுப்பிவைக்க முன்வருவதுண்டு. அந்த நாடுகளில் அவை மிகச் சிறந்தவை. ஏனெனில் அங்கே பாலங்களின் உயர வரம்பும் எடை வரம்பும் வரைபடத்திலேயே பதியப்பட்டிருக்கின்றன. அந்தத் தரவு இல்லாத இடத்தில் விலை கூடிய கருவியும் காருக்குரிய வழியையே காட்டும். பழைய கருவியாக இருந்தால் இன்னும் மோசம்: 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறப்பதற்கு முந்தைய வரைபடம் உள்ளே இருக்குமானால், பூநகரியில் நிற்பவரைப் பரந்தன் சுற்றித்தான் யாழ்ப்பாணம் போகச் சொல்லும். அந்தப் பணத்தை ஒரு நல்ல போனுக்குச் செலவிடுவதே புத்தி என்பது என் முடிவு.

போனில் நான் பரிந்துரைப்பது ஓஸ்மாண்ட் என்ற செயலியை. 2004 இல் தொடங்கி, தன்னார்வலர்கள் சேர்ந்து வரைந்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மப் வரைபடத்தையே அது பயன்படுத்துகிறது. இலங்கை வரைபடத்தை முன்கூட்டியே தரவிறக்கி வைத்துக்கொள்ளலாம். ஓர்கானிக் மப்ஸும் இதே வரைபடத்தில் இயங்கும் எளிய செயலிதான், ஆனால் அதில் லொறிக்கு இடமில்லை. ஓஸ்மாண்டில் லொறி வகையைத் தெரிவுசெய்து, உயரம், அகலம், நீளம், எடை ஆகியவற்றைக் கொடுக்க முடியும். அங்கே கொடுக்க வேண்டியது வெறும் லொறியின் உயரத்தை அல்ல. பாரம் ஏற்றிக் கயிறு இழுத்துக் கட்டிய பிறகு நிலத்திலிருந்து உச்சி வரை அளந்த உயரத்தை. நாம் அடியில் பேசிப் பழகியவர்கள். செயலி மீற்றரில் கேட்டால் 12 அடியை 3.66 என்று மாற்றிக் கொடுக்க வேண்டும்.

காட்டுப் பகுதிகளில் சிக்னல் போனால் ஜிபிஎஸ்ஸும் போய்விடும் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதிகள் அனுப்பும் சமிக்ஞையைப் போன் வாங்குகிறது, அவ்வளவுதான். நான்கு செய்மதிகள் தெரிந்தால் இடத்தைக் கணித்துவிடும், அதற்கு டேட்டா தேவையில்லை. வரைபடத்தைத் திரையில் கொண்டுவரவும் முதற் கணிப்பை விரைவுபடுத்தவும்தான் டேட்டா உதவுகிறது. ஆகவே வரைபடத்தை வீட்டிலேயே தரவிறக்கி, புறப்படுமுன் வெளியான இடத்தில் நின்று ஒருமுறை இடத்தைப் பிடிக்கவிட்டால், அதன்பின் சிக்னல் இல்லாமலும் வழி தெரியும்.

பெயரைத் தட்டச்சுச் செய்து தேடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. முல்லைத்தீவு மாவட்டத்தில் ஒரு புதுக்குடியிருப்பு, மன்னார்த் தீவில் ஒன்று, மட்டக்களப்பில் இன்னொன்று. குளத்தின் பெயரால் வழங்கும் ஊர்களோ கணக்கில்லை. ஆங்கில எழுத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுவதால் தேடல் மேலும் குழம்பும். நெல்லின் சொந்தக்காரரிடம், லொறி வந்து நிற்க வேண்டிய இடத்தில் நின்றபடி வட்ஸ்அப்பில் இருப்பிடத்தை அனுப்பச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து அனுப்பினால் வீடுதான் கிடைக்கும், வயல் கிடைக்காது.

பல லொறிகளின் மின்சாரம் 24 வோல்ற். 12 வோல்ற்றுக்கு மட்டும் செய்த கார் சார்ஜரைச் செருகினால் அது எரிந்துபோகும், சிலவேளை போனையும் கெடுக்கும். 12–24 என்று குறித்திருப்பதைப் பார்த்து வாங்க வேண்டும். போனைக் கண்ணாடியில் நேர் வெயில் படும்படி ஒட்டினால் நண்பகலில் சூடேறி அணைந்துவிடும். காற்று படும் இடமே நல்லது. கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுவது சட்டப்படியும் குற்றம்.

இனி முக்கியமான விடயம். லொறி வகையைத் தெரிவுசெய்தாலும், வளைவின் உயரமும் மதகின் எடை வரம்பும் வரைபடத்தில் இல்லாவிட்டால் ஓஸ்மாண்டும் கண்ணை மூடிக்கொண்டுதான் வழி சொல்லும். அதைப் பதிய வேண்டியவர்கள் நாங்களே. ஓப்பன்ஸ்ட்ரீட்மப்பில் கணக்குத் திறந்தால் எவரும் ஒரு பாதைக்கு உயர வரம்பு, எடை வரம்பு, கிரவலா தாரா என்ற விபரம் ஆகியவற்றைச் சேர்க்கலாம். எடை வரம்பை ஊகித்து எழுதக் கூடாது. பலகையில் இருந்தால் மட்டும் பதியுங்கள். வளைவை அளப்பது கடினமல்ல: அடையாளமிட்ட நீளத் தடி ஒன்றை நடுவிலும் இரு ஓரங்களிலும் நிறுத்தி, மிகக் குறைந்த அளவை எடுத்தால் போதும். வீதிக்குப் புதிதாகக் காபெற் (தார்ப் படை) போட்டால் தரை உயர்ந்து வளைவின் இடைவெளி குறையும் என்பதால் அப்போது மறுபடி அளக்க வேண்டும். பெரும்போக அறுவடைக்கு முன், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையிலுள்ள கிளை வீதிகளின் வளைவுகளை அளந்து பதிய எண்ணியிருக்கிறேன். ஒட்டுசுட்டான், நெடுங்கேணிப் பக்கம் ஓடுபவர்கள் தங்கள் பக்கத்தைப் பார்த்துக்கொண்டால் வேலை விரைவாக முடியும்.