கனடாவைவிட உசத்தியான கரும்புத் தீவு

கரீபியன் கடலின் கிழக்கு விளிம்பில் குவாதலூப் என்று ஒரு பிரெஞ்சுத் தீவு. வரைபடத்தில் பெரிதாக்கிப் பார்த்தால் இறக்கை விரித்த பட்டாம்பூச்சிதான். நடுவில் ரிவியர் சலே என்ற ஒடுக்கமான கடல் கால்வாய் ஓடுவதால், சரியாகச் சொன்னால் இரண்டு தீவுகள். மேற்கே பாஸ்-தேர்: மலை, மழைக்காடு, 1,467 மீட்டர் உயர சூஃப்ரியேர் எரிமலை. 1976இல் அது சீறத் தொடங்கியதும் சுமார் 70,000 பேரை ஊரைக் காலி செய்ய வைத்தார்கள். பயந்த பெருவெடிப்பு வரவே இல்லை. கிழக்கே கிராந்த்-தேர்: சுண்ணாம்புப் பாறை, தட்டை நிலம். கரும்புக்கு ஏற்ற இடம்.

தீவின் தலையெழுத்தை எழுதியது அந்தக் கரும்புதான். 1493இல் கொலம்பஸ் வந்து பெயர் வைத்துவிட்டுப் போனார். 1635இல் குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் ஆப்பிரிக்க அடிமைகளின் உழைப்பில் சர்க்கரை காய்ச்சிப் பணம் பார்த்தார்கள். 1759இல் பிரிட்டன் தீவைப் பிடித்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் பிரான்ஸ் என்ன செய்தது தெரியுமா? கனடாவைக் கொடுத்துவிட்டு, குவாதலூப்பைத் திரும்ப வாங்கிக்கொண்டது! பனியும் விலங்குத் தோலும் எங்கே, சர்க்கரை எங்கே என்று அன்றைக்குக் கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

1794இல் ஒழிந்த அடிமை முறையை 1802இல் நெப்போலியன் திரும்பக் கொண்டுவந்தார். எதிர்த்து நின்ற ராணுவ அதிகாரி லூயி தெல்கிரே, தீவின் மத்தூபா என்ற இடத்தில் சுற்றி வளைக்கப்பட்டபோது, சரணடைய மனமில்லாமல் வெடிமருந்துக்குத் தீ வைத்துக் கூட்டாளிகள் சுமார் 300 பேரோடு மாண்டார். விடுதலைக்கு 1848 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அப்புறம் தோட்டத்துக்கு ஆள் பற்றாக்குறை. 1854 டிசம்பரில் ஒரேலி என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. 1889க்குள் ஏறக்குறைய 42,000 பேர். புதுச்சேரி, காரைக்கால் வழியாகப் போன தமிழர்கள் அதில் ஏராளம். காபெஸ்தேரில் ஷாங்கி என்ற இடத்தில் இன்றும் கோபுரத்தோடு கோயில் இருக்கிறது. கறிக் குழம்புக்கு அங்கே கொலொம்போ என்று பெயர். தமிழ் பேச்சு வழக்கிலிருந்து போய்விட்டது, வீட்டில் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரியோல் மொழிதான்.

1946 முதல் குவாதலூப் பிரான்ஸின் ஒரு மாவட்டம் மாதிரி; செலாவணி யூரோ, மக்கள்தொகை நான்கு லட்சத்துக்குச் சற்றுக் கீழே. இந்திய வம்சாவளியினர் இன்று மற்றவர்களைப் போலவே ஓட்டுப் போடுகிறார்கள். ஆனால் அந்த உரிமை தானாக வரவில்லை. காபெஸ்தேரில் பிறந்த ஹென்றி சிதம்பரம் 1904இல் அதற்காக வழக்காடத் தொடங்கினார். பிரெஞ்சு அரசு இறங்கி வந்தது 1923இல். அதற்குள் அவருக்கு வயது அறுபதை நெருங்கிவிட்டது.