கஞ்சி காய்ச்சியவன்

பர்மாவின் தனியார் பள்ளிகளோடு ரங்கூனில் நம் பள்ளியும் 1965இல் அரசுடைமையாகி 60 ஆண்டுகள் ஆகின்றன, பழைய மாணவர் மலருக்கு ஏதேனும் எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டபோது, புதிதாக எழுத என்ன இருக்கிறது என்றுதான் நினைத்தேன். மழைக்காலத்தில் லுங்கியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வந்ததையும், வாசலில் கடனுக்கு மொகிங்கா என்ற மீன்குழம்பு நூடுல்ஸ் தின்றதையும் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் எழுதிவிட்டார்கள். அந்த வாரத்திலேயே ரங்கூனிலிருந்து செய்தி வந்தது. நம் கணக்கு வாத்தியார் தாம்வேயில் தம் வீட்டிலேயே காலமானார். வயது 96.

அவரைச் சோழி வாத்தியார் என்று முதுகுக்குப் பின்னால் அழைத்தவர்களில் நானும் ஒருவன். வெள்ளிக்கிழமை கடைசி மணிக்கு அவர் பல்லாங்குழிப் பலகைகளோடு உள்ளே வருவார். பெண்பிள்ளைகள் விளையாட்டு என்று பையன்கள் முகம் சுளித்தோம். அவரோ, பதினான்கு குழிகளைச் சுற்றிக் காய் போட்டு வந்தால் 17 காய் எங்கே முடியும், 45 காய் எங்கே முடியும் என்று போடுவதற்கு முன்பே சொல்லச் சொல்வார். 45இல் மூன்று சுற்றுப் போக மீதி மூன்று, ஆகவே மூன்றாம் குழி. வகுத்து மீதி காண்பதைக் கரும்பலகையில் ஒரு மாதம் அழுதுகொண்டே கற்ற வகுப்பு, குழியில் அதை ஒரே மணியில் பிடித்துக்கொண்டது. வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குபவன் என்ற மிதப்பில் இருந்த எனக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. பதினாறாம் வாய்ப்பாடு வரை தலைகீழாகச் சொல்லத் தெரிந்தவனுக்கு விதை எதற்கு?

1962இல், ஆறாம் வகுப்பில், அவர் ஆறு புளியங்கொட்டைகளை ஒரு பக்கம் மட்டும் தரையில் உரசி வெள்ளையாக்கிக்கொண்டு வந்தார். ஆறையும் குலுக்கிப் போட்டால் எத்தனை வெள்ளை விழுவது அதிகம் என்று கேட்டார். நான் எழுந்து நின்று, ஒன்றும் விழாமல் இருப்பது முதல் ஆறும் விழுவது வரை ஏழு விதம் உண்டு, ஏழும் சமம் என்றேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த, துறைமுகத்தில் மூட்டை தூக்குபவரின் மகன், "மூணுதான் சார் அடிக்கடி விழும்" என்றான். வாத்தியார் யாரையும் திருத்தவில்லை. என் எதிரில் உட்கார்ந்து ஆளுக்கு இருபது விதையாகப் பிரித்து, என்னை ஆறின் மேலும் தம்மை மூன்றின் மேலும் பந்தயம் கட்டச் சொன்னார். ஏழும் சமமென்றால் அதில் எனக்கு நட்டமில்லை அல்லவா? மணி அடிப்பதற்குள் என் பக்கம் நான்கு விதைகளே மிஞ்சின. பல்லாங்குழியில் ஐந்துக்கும் குறைந்த காயோடு நிற்பவன் குழிக்கு ஒன்றாகப் போட்டு ஆடுவதைக் கஞ்சி காய்ச்சுவது என்பார்களே, அதையே அவர் சிரித்தபடி சொன்னார்: "காய்ச்சு தம்பி, கஞ்சி காய்ச்சு." இம்மலரைப் படிப்பவர்களில் பலருக்கு என் பெயரைச் சொன்னால் தெரியாது, கஞ்சி என்றால் தெரியும்.

அடுத்த வாரம் அவர் கரும்பலகையில் எல்லாவற்றையும் விரித்து எழுதினார். ஆறு விதைகள் கருப்பும் வெள்ளையுமாக விழக்கூடிய விதங்கள் மொத்தம் 64. அவற்றில் ஆறும் வெள்ளையாவது ஒரே விதம், மூன்று வெள்ளையாவது 20 விதம். உரசிய கொட்டை ஒரு பக்கம் சற்றுச் சாயக்கூடும், அதனால் கணக்கு அச்சாக வராது என்பதையும் மறைக்காமல் சொன்னார். நான் காதில் வாங்கவில்லை. அதற்குள், வகுப்பில் சூதாட்டம் கற்றுத்தருகிறார் என்று வீட்டில் சொல்லியிருந்தேன். அப்பா பள்ளிக் குழுவில் இருந்தார்.

குழுவின் முன் என்னையும் நிற்க வைத்தார்கள். சிறுவனாக 1942இல் அரக்கான் வழியே நடந்து இந்தியா போய், சென்னையில் படித்து, போர் முடிந்தபின் திரும்பி வந்தவர் வாத்தியார். மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததையும், குழந்தையின் கை அறிந்ததைத்தான் அதன் மூளை வைத்துக்கொள்ளும் என்பதையும் அவர் பொறுமையாக எடுத்துச் சொன்னார். "இது அடையாறு இல்லை ஐயா, ரங்கூன்" என்றார் அப்பா. அத்தோடு பலகைகள் அலமாரிக்குள் போயின. பந்தயத்தில் விதையைத் தவிர வேறு எதுவும் வைக்கப்படவில்லை என்பதை நான் சொல்லியிருக்கலாம். யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

1964 மே 17ஆம் நாள் பர்மியப் பணமான சாட்டில் 50, 100 நோட்டுகள் செல்லாதவையாயின. அப்பாவின் இரும்புப் பெட்டியில் பெரும்பாலும் அவைதாம் இருந்தன. சூது எங்கே நடந்தது என்று அவரிடம் கேட்கும் துணிவு அன்றும் எனக்கு இல்லை. அவ்வாண்டே கப்பலேறிச் சென்னைக்கு வந்தோம். படித்து, ஆயுள் காப்பீட்டில் வேலைக்குச் சேர்ந்து, எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள் என்ற அட்டவணைகளைக் கொண்டே 34 ஆண்டுகள் சம்பளம் வாங்கினேன். அது முழுக்க முழுக்க அந்த ஆறு கொட்டைகளின் கணக்கு. இருந்தும் அவருக்கு ஒரு கடிதம் எழுதவில்லை. முகவரி தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

இப்போது சிட்னியில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேரனுக்குக் கையடக்கக் கணினியில் கணக்கு விளையாட்டு உண்டு. விரைவாக விடை சொன்னால் நட்சத்திரம், தவறினால் மெல்லிய மணியோசை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். எதிரில் உட்கார்ந்து தன் விதைகளையும் பணயம் வைக்கும் ஆள்தான் அதில் இல்லை.

சாவுச் செய்தியை அனுப்பியவன் அந்தக் கடைசி வரிசைக்காரன். அவன் ரங்கூனை விட்டு வரவே இல்லை. வாத்தியார் வீட்டு அலமாரியில் ஒரு பிஸ்கட் டின் நிறைய ஒரு பக்கம் உரசிய புளியங்கொட்டைகள் இருந்தனவாம், தெருப் பிள்ளைகளுக்குக் கடைசிவரை அவற்றை வைத்துத்தான் கணக்குச் சொல்லிக்கொடுத்தாராம். ஆறு கொட்டைகளை எனக்கு அனுப்பட்டுமா என்று கேட்டிருந்தான். இந்த நாட்டுக்குள் விதைகளைக் கொண்டுவருவதற்குக் கடுமையான கட்டுப்பாடு உண்டு, சுங்கத்தில் பறித்துவிடுவார்கள், உன்னிடமே இருக்கட்டும் என்று பதில் எழுதினேன். கீழே என் பெயரை எழுதி, பிறகு அடித்துவிட்டு, கஞ்சி என்று எழுதினேன்.