மிர்-132

அப்பா இன்று காலை சட்டைப் பொத்தானைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். கட்டைவிரல் துளையைத் தொட்டது, விலகியது, மறுபடி தொட்டது.

விரல்களில் ஒரு குறையும் இல்லை. அடுத்து என்ன என்பதுதான் வரவில்லை.

அல்சைமர் நோயில் நரம்பணுக்கள் சாவதற்கு முன்பே, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இணைப்புகளான சினாப்ஸ்கள் குறையத் தொடங்கிவிடுகின்றன.

அங்கே எந்தப் புரதம் எவ்வளவு உருவாகலாம் என்று கட்டுப்படுத்துபவற்றில் மைக்ரோ ஆர்என்ஏக்கள் எனும் குட்டி ஆர்என்ஏ துண்டுகளும் உண்டு. நீளம் சுமார் 22 நியூக்ளியோடைடுதான், அதாவது 22 மரபு எழுத்துகள். 1993இல் ஒரு சின்னப் புழுவில் கண்டுபிடித்தார்கள். 2024இல் அதற்கு நோபல் பரிசு.

நரம்பணுக் கிளைகள் வளரத் துணைநிற்கும் மிர்-132 என்ற மைக்ரோ ஆர்என்ஏ, அல்சைமர் மூளைகளில் வெகுவாகக் குறைந்திருக்கிறது. எலிகளில் அதை ஈடுகட்டியபோது நினைவாற்றல் தேறியது.

மனிதர்களுக்கு மருந்தாக இன்னும் வரவில்லை. சீக்கிரம் வந்துவிட வேண்டும்.